காதால் துப்பறிவது எப்படி? இளையோருக்கான மர்ம, மாயாஜால ஒலிநூல்களைத் தேர்ந்து கேட்க முழுமையான வழிகாட்டி

மர்மக் கதை எழுதுபவர் துப்பை ஒளித்து வைக்கும் இடம் பெரும்பாலும் ஒரு சாதாரண வாக்கியமாகவே இருக்கும். யாரோ ஒருவர் கடிகாரத்தை வலது கையில் கட்டியிருப்பார். பின்கதவு முன்பே திறந்து கிடக்கும். அச்சுப் புத்தகமென்றால், பிறகு சந்தேகம் வரும்போது நான்கு தாள் பின்னே புரட்டிப் பார்த்துவிடலாம். ஒலிநூலில் அந்த வாக்கியம் காதைத் தொட்டுவிட்டுப் போய்விடுகிறது. மாயாஜாலக் கதையில் வரும் தொல்லை வேறு. முதல் அரை மணித்தியாலத்திலேயே நாடுகளும் குலங்களும் மந்திரங்களும் பெயர்களுமாக வந்து குவிகின்றன. எழுத்தைக் கண்ணால் பார்க்காததால் ஒன்றும் மனதில் ஒட்டுவதில்லை.

"ஒலிநூல் எனக்குச் சரிவராது" என்று சொல்லிக் கைவிடுபவர்களில் அநேகர் இந்த இரண்டு இடங்களில்தான் கைவிடுகிறார்கள். காது பின்னே புரட்டாது என்பதை முதலில் ஒப்புக்கொண்டு, அதற்கேற்ற நூலையும் குரலையும் இடத்தையும் தேர்ந்துகொண்டால், இதே மர்மமும் மாயமும் அச்சில் தராத ஓர் இன்பத்தைத் தரும். கீழே வரும் படிகள் எல்லாம் அந்த ஒரு தடையை மனதில் வைத்தே எழுதப்பட்டவை. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கும், பிள்ளையின் காதில் நல்ல ஆங்கிலம் விழட்டும் என்று நினைக்கும் பெற்றோருக்கும், வயது நாற்பதைக் கடந்தும் பேய்மாளிகைக் கதைக்கு மனம் துள்ளும் என் போன்றவர்களுக்கும் இது பொருந்தும்.

முதற்படி: தொடராக வந்த கதையிலிருந்து தொடங்குங்கள்

புதிதாகக் கேட்கத் தொடங்குபவருக்கு நான் தரும் முதல் ஆலோசனை, புதுக்கதையை விட்டுவிட்டு, பத்திரிகையில் தொடராக வெளிவந்த பழைய கதையொன்றைத் தேர்ந்தெடுங்கள் என்பதே. தொடர் எழுதியவர்களுக்கு ஒரு கட்டாயம் இருந்தது. வாசகர் முந்தைய இதழை மறந்திருப்பார். ஆகவே நடந்ததை நயமாக நினைவூட்ட வேண்டும். ஒவ்வொரு பாத்திரத்தையும் மறக்க முடியாத ஓர் அடையாளத்தோடு கொண்டுவர வேண்டும். அத்தியாய முடிவில் கொக்கி போட வேண்டும். அன்றைய வாசகருக்காகச் செய்த இந்த ஏற்பாடு இன்றைய காதுக்கு அப்படியே உதவுகிறது.

ஷெர்லொக் ஹோம்ஸ் துப்பறியும் பாஸ்கர்வில் வேட்டைநாய்க் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1901, 1902 ஆண்டுகளில் ஸ்ட்ராண்ட் இதழில் தொடராக வந்தது. கதையின் நடுப்பகுதியில் ஹோம்ஸ் பெரும்பாலும் காணாமலே போய்விடுகிறார். வாட்சன் தனியாகச் சதுப்புநில மாளிகையில் இருந்து அவருக்கு அறிக்கைகள் எழுதுகிறார், நாட்குறிப்பு எழுதுகிறார். அதாவது, இதுவரை என்ன நடந்தது, யார் மேல் சந்தேகம் என்று கதையே நமக்குத் தொகுத்துச் சொல்கிறது. காதால் துப்பறியப் பழகுபவருக்கு இதைவிட நல்ல ஆசிரியர் கிடைக்கமாட்டார். அதற்கு அடுத்த படியாக வில்கி கொலின்ஸ் எழுதிய மூன்ஸ்டோன். 1868இல் வாராந்தத் தொடராக வந்தது. இந்தியாவில் கொள்ளையடிக்கப்பட்ட வைரம் ஒன்றைப் பற்றியது. ஒருவர் மாறி ஒருவராகப் பல சாட்சிகள் கதை சொல்வதால், யாரை நம்புவது என்று காதே எடைபோடப் பழகிக்கொள்ளும். நீளமான நூல், பொறுமை வேண்டும்.

தமிழில் தொடங்க விரும்புகிறவருக்கு என் விடை பொன்னியின் செல்வன்தான். சிலர் புருவத்தை உயர்த்துவார்கள்: அது சரித்திர நாவல் அல்லவா? ஆனால் கேட்டுப் பாருங்கள். ஓர் இளைஞன் ஓர் ஓலையைச் சுமந்துகொண்டு புறப்படுகிறான். போகும் வழியில் கேட்கக்கூடாத சதியாலோசனை ஒன்றைக் கேட்டுவிடுகிறான். மூடுபல்லக்கில் யார் போகிறார் என்ற கேள்வி தொடர்கிறது. இளையோர் மர்மக் கதைக்கு வேண்டியது எல்லாம் இதில் இருக்கிறது. 1950 முதல் 1954 வரை தொடராக வந்ததால், கல்கி வாசகரின் கையைப் பிடித்து அழைத்துப் போகிறார். "முன்னொரு முறை நாம் பார்த்த" என்று அவர் நினைவூட்டும் இடங்கள் அச்சில் சற்று மிகையாகத் தோன்றலாம். காதில் அவை வரமாகின்றன. பூங்குழலி கோடிக்கரையிலிருந்து படகு வலித்து இலங்கைக்குக் கடக்கும் பகுதியை, யாழ்ப்பாணத்து வடகரையில் எங்காவது அதே கடலைப் பார்த்தபடி கேட்க முடிவது நமக்குக் கிடைத்த தனிச் சலுகை. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானவை என்பதால் பலர் தாமே வாசித்துப் பதிவுசெய்து இலவசமாக வெளியிட்டிருக்கிறார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட பதிவுகளைக் கேட்டுப் பார்த்துக் குரலைத் தேர்ந்துகொள்ளலாம்.

இரண்டாம் படி: கதையை விடக் குரலைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

இந்தப் படியில் சற்று நின்று பேச வேண்டும். ஒலிநூலின் பாதி உயிர் வாசிப்பவரிடம் இருக்கிறது. மர்மக் கதையில் பாதிக்கும் மேல் என்றே சொல்வேன்.

காரணத்தை யோசித்துப் பாருங்கள். கதை முடிவு வாசிப்பவருக்குத் தெரியும், கேட்பவருக்குத் தெரியாது. குற்றவாளி முதல் அத்தியாயத்தில் "வணக்கம்" சொல்லும்போதே அந்தக் குரலில் ஒரு நெளிவு இருந்துவிட்டால் எல்லாம் பாழ். நல்ல வாசிப்பாளர் பொய் சொல்பவனின் வரியையும் உண்மை சொல்பவனின் வரியையும் ஒரே நேர்மையோடு வாசிப்பார். பிறகு உண்மை வெளிவந்தபின் அந்தப் பழைய இடத்தை மறுபடி கேட்டால், அதே வாசிப்பு இரண்டு பொருளுக்கும் பொருந்தும். இப்படி வாசிப்பது பெரிய கலை. ஆகவே மர்ம ஒலிநூலின் மாதிரித் துண்டைக் கேட்கும்போது குரல் இனிமையாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். உரையாடல் வரும் இடம் வரை கேளுங்கள். எல்லோரையும் சந்தேகத்துக்குரியவராகக் காட்டத் துடிக்கும் வாசிப்பாளரையும், நல்லவருக்கு ஒரு குரல், கெட்டவருக்குக் கரகரப்பு என்று பிரித்துவிடும் வாசிப்பாளரையும் தள்ளி வையுங்கள்.

ஒரே குரலா, பல குரல்களா என்பது அடுத்த கேள்வி. ஹரி பொட்டர் வரிசை இதற்கு நல்ல பாடம். பிரித்தானியப் பதிப்பை ஸ்டீபன் ஃப்ரை வாசித்தார். அமெரிக்கப் பதிப்பை ஜிம் டேல் வாசித்தார். ஜிம் டேல் ஏழாம் பாகத்துக்கு மட்டும் 146 பாத்திரக் குரல்களைப் படைத்துக் கின்னஸ் சாதனை படைத்தவர். வியக்கத்தக்க உழைப்புத்தான். ஆனாலும் என் காது ஃப்ரையின் பக்கமே சாய்கிறது. அவர் பாத்திரத்தை நடித்துக் காட்டுவதை விட, அருகில் அமர்ந்து கதை சொல்கிறார். நம் பாடசாலைகளில் பழகிய ஆங்கில உச்சரிப்புக்கும் அவர் வாசிப்பே நெருக்கமானது. நீண்ட வரிசைக்கு அமைதியான ஒரே குரல் சிறந்தது. முதல் பாகம் எட்டு ஒன்பது மணித்தியாலந்தான். ஐந்தாம் பாகம் அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. அவ்வளவு நேரம் நாடகம் கேட்டால் காது களைத்துப் போகும்.

பல குரல்கள் தேவைப்படும் கதைகளும் உண்டு. கரன் மக்மனஸ் 2017இல் எழுதிய "வன் ஒஃப் அஸ் இஸ் லையிங்" நாவலில், பாடசாலைத் தண்டனை வகுப்புக்குள் ஐந்து மாணவர்கள் போகிறார்கள், ஒருவன் இறந்துபோகிறான். மிச்சமுள்ள நால்வரும் மாறி மாறிக் கதை சொல்கிறார்கள். ஒலிநூலில் நால்வருக்கும் நான்கு வாசிப்பாளர்கள். எல்லோரும் "நான்" என்றே பேசும் கதையை ஒருவரே வாசித்தால், அத்தியாயத் தலைப்பைத் தவறவிடும் கேட்பவர் தொலைந்துபோவார். கோர்ட்னி சமர்ஸின் "சேடி" இன்னொரு சான்று. காணாமற்போன ஒரு பெண்ணைத் தேடும் ஒலித்தொடர் நிகழ்ச்சி ஒரு பக்கமும் அந்தப் பெண்ணின் சொந்தக் குரல் மறுபக்கமுமாகக் கதை நகர்கிறது. கதையின் வடிவமே வானொலி வடிவம் என்பதால், குழுவாக வாசித்த பதிப்பு அச்சு நூலையே மிஞ்சி நிற்கிறது. இளையோர் ஒலிநூலுக்கு அமெரிக்க நூலகச் சங்கத்தின் பிரிவுகள் வழங்கும் ஒடிசி விருதை 2019இல் அது பெற்றது தகுதியானதே.

ஆகவே நான் பின்பற்றும் விதி இதுதான்: பேட்டி, கடிதம், விசாரணைப் பதிவு, பலர் கூறும் சாட்சியம் என்று துண்டுகளால் ஆன கதையென்றால் பல குரல் பதிப்பு. ஒருவர் பார்வையில் ஓடும் கதையென்றால் ஒற்றைக் குரல். பின்னணி இசையும் இடியோசையும் குதிரைக் குளம்பொலியும் சேர்த்த பதிப்பை நான் தேடிப் போவதில்லை. துப்பு ஒன்று இடியோசைக்குள் மூழ்கிவிட்டால் அந்த நட்டம் எனக்குத்தான்.

ஹோலி ஜாக்சன் 2019இல் வெளியிட்ட "எ குட் கேர்ள்ஸ் கைட் டு மேர்டர்" நூலைத் தேடுபவருக்கு ஒரு தகவல். மூல நூல் இங்கிலாந்தின் ஒரு சிற்றூரில் நடக்கிறது. அமெரிக்கப் பதிப்பில் கதைக்களமே கனெக்டிகட் மாநிலத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறது. எந்தப் பதிப்பின் ஒலிநூல் என்று பார்த்து வாங்குங்கள். கொலைப்பழி சுமந்து இறந்துபோன சால் சிங் என்ற இளைஞனும், அவன் குற்றமற்றவன் என்று நம்பும் தம்பி ரவியும் இக்கதையின் இதயம். ஊரே ஒரு குடும்பத்தை ஒதுக்கி வைக்கும்போது வீட்டுக்குள் நிகழ்வதை இது உண்மையாகச் சொல்கிறது. என்னைக் கேட்டால், இக்காலத்து இளையோர் மர்மக் கதைகளில் முதலில் கேட்க வேண்டியது இதுவே.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். சுருக்கிய பதிப்பா முழுப் பதிப்பா என்று கட்டாயம் பாருங்கள். சுருக்குபவர் முதலில் வெட்டுவது "தேவையற்ற" விவரங்களை. மர்மக் கதையில் துப்பு இருப்பது அங்கேதான். அடுத்து, இயந்திரக் குரல் வாசித்த நூல்கள் இப்போது பெருகி வருகின்றன. செய்திக் கட்டுரைக்கு அது போதும். பொய்யும் தயக்கமும் அச்சமும் நிறைந்த கதைக்குப் போதாது. விவரப் பகுதியில் வாசித்தவர் பெயர் இல்லையென்றால் விலகிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: பெயர்கள் ஏற்கெனவே தெரிந்த மாயவுலகத்தில் முதலில் நுழையுங்கள்

மாயாஜாலக் கதையைப் பாதியில் விட்டவர்களிடம் விசாரித்தால், கதை பிடிக்கவில்லை என்று சொல்பவர் குறைவு. பெயர்கள் குழப்பிவிட்டன என்பவரே அதிகம். இதற்கு நல்ல வழி, அந்தப் பெயர்களை ஏற்கெனவே மனதில் வைத்திருக்கும் ஓர் உலகிலிருந்து தொடங்குவது. ரோஷனி சோக்ஷி 2018இல் தொடங்கிய அரு ஷா வரிசை மகாபாரதத்தின் மேல் கட்டப்பட்டது. அட்லாண்டா நகரின் அருங்காட்சியகம் ஒன்றில் வளரும் பன்னிரண்டு வயதுச் சிறுமி, தொடக்கூடாத விளக்கை ஏற்றிவிடுகிறாள். உறங்கிக் கிடந்த தீமை எழும்புகிறது. பாண்டவர்கள் இப்போது சிறுமிகளாகப் பிறந்திருக்கிறார்கள். இது கொஞ்சம் இளைய வயதினருக்கான நூல்தான். ஆனால் கோயில் மண்டபத்தில் அமர்ந்து பாரதக் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அர்ச்சுனன் யார், வீமன் யார் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. நினைவுக்குச் சுமை குறைவதால், மொழியையும் நகைச்சுவையையும் கவனிக்க இடம் கிடைக்கிறது. அமெரிக்கச் சிறுமியின் குறும்புப் பேச்சை வாசிப்பாளர் சொனீலா நங்கானி கலகலவென்று கொண்டுவருகிறார்.

அதன்பிறகு அறியாத உலகத்துக்குப் போகலாம். டோமி அடெயெமியின் "சில்ரன் ஒஃப் பிளட் அண்ட் போன்" மேற்கு ஆபிரிக்காவின் யொரூபா மரபிலிருந்து எழுந்தது. மந்திரச் சொற்கள் யொரூபா மொழியில் வருகின்றன. அச்சில் நான் அவற்றை விழுங்கிவிட்டுத் தாண்டிப் போயிருப்பேன். பானி டர்பின் வாசிக்கும்போது அவை மந்திரமாகவே ஒலிக்கின்றன. 2019ஆம் ஆண்டின் சிறந்த ஒலிநூலுக்கான ஓடி விருது இதற்குக் கிடைத்தது. மாயாஜாலக் கதையை அச்சில் வாசிப்பதை விடக் கேட்பதே மேல் என்று வாதிடுவதற்கு எனக்கு இந்த ஒரு நூல் போதும்.

லீ பார்டுகோவின் "சிக்ஸ் ஒஃப் குரோஸ்" போன்ற நூலைச் சற்றுப் பிந்திக் கேளுங்கள். ஆறு பேர் கொண்ட திருட்டுக் கூட்டம், மாறி மாறி வரும் பார்வைகள், அவரவர் பழங்கதைகள் என்று அடர்த்தியானது. அருமையான கதை. பழகிய காதுக்கே அது வசப்படும்.

பெயர்களைப் பிடித்துவைக்க ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பற்றிக் கவலை வேண்டாம். காதில் விழுந்தபடி தமிழில் எழுதி, பக்கத்தில் ஒரே ஓர் அடையாளம் போடுங்கள்: "சிக்ஸ் ஒஃப் குரோஸ்" கூட்டத் தலைவனுக்கு "கேஸ் – கைத்தடி, கையுறை" என்ற அளவில். நூலின் முதற் பக்கத்தில் நிலப்படம் இருந்தால் அது ஒலியில் வராது. எழுத்தாளர் அல்லது பதிப்பாளர் தளத்தில் பெரும்பாலும் கிடைக்கும். கேட்கத் தொடங்கும் முன்பே கைத்தொலைபேசியில் சேமித்துவிடுங்கள். முதல் மூன்று அத்தியாயங்களை மட்டும் இரண்டு தரம் கேட்பதும் நல்ல உத்தி. இரண்டாம் தரம் கேட்கும்போது உலகம் தெளிந்துவிடும், அதன்பின் வேகமாகப் போகலாம்.

நான்காம் படி: நூலைப் பெறுவதும் சேமிப்பதும்

காப்புரிமை முடிந்த நூல்களுக்கு லிப்ரிவொக்ஸ் தளம். 2005இல் தொடங்கியது, தன்னார்வலர்கள் வாசிக்கிறார்கள், எல்லாம் இலவசம். ஹோம்ஸ் கதைகளும் மூன்ஸ்டோனும் அங்கே இருக்கின்றன. ஒரே நூலை அத்தியாயத்துக்கு ஒருவராகப் பலர் வாசித்த பதிவும், ஒருவரே முழுவதும் வாசித்த பதிவும் இருக்கும். தொடக்கத்தில் ஒருவரே வாசித்ததைத் தேர்ந்தெடுங்கள்.

புதிய நூல்களுக்குப் பணம் கட்ட வேண்டும். ஓடிபிள் போன்ற சந்தா முறையில் மாதத்துக்கு ஒரு கிரெடிட், அதாவது ஒரு நூலை எடுத்துக்கொள்ளும் உரிமை, தருவார்கள். நூல் ஆறு மணித்தியாலமானாலும் முப்பதானாலும் ஒரு கிரெடிட்டே. ஆகவே கிரெடிட்டை நீண்ட மாயாஜால நூலுக்குச் செலவிடுங்கள். சிறிய மர்ம நூல் விலைக்குறைப்பில் வரும்வரை காத்திருக்கலாம். கட்டணம் டொலரில் போகும் என்பதால், ஒரு மாதம் சேர்ந்து கேட்டுவிட்டு நிறுத்தி, பிறகு மறுபடி சேர்வது நமக்குக் கட்டுப்படியாகும் வழி. காணொளித் தளங்களில் யாரோ ஏற்றிவிட்ட திருட்டுப் பதிவுகளை நாடாதீர்கள். எழுத்தாளருக்கும் வாசித்தவருக்கும் சேரவேண்டிய பணம் அது. தவிரவும், உரிமையாளரிடம் அகப்படாமல் இருக்க வேகத்தை மாற்றியும் அத்தியாயங்களை நறுக்கியும் ஏற்றுவார்கள். கடைசி அத்தியாயம் இல்லாத மர்மக் கதையைக் கேட்டு என்ன பயன்?

டேட்டாக் கணக்கு எளிது. 64 கிலோபிட் தரத்தில் ஒரு மணித்தியாலத்துக்குச் சுமார் 29 மெகாபைட், 128 கிலோபிட் தரத்தில் சுமார் 58. பத்து மணித்தியால நூல் ஒன்று முதல் தரத்தில் 290 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். பேச்சுக் குரலுக்கு 64 போதும். வீட்டு இணைப்பில் இரவே முழு நூலையும் இறக்கிக்கொள்ளுங்கள். வழியில் இணைப்பு அறுந்தால் கதை அறும்.

ஐந்தாம் படி: எந்தக் கதைக்கு எந்த இடம்

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகும் இரவு பஸ் மாயாஜாலக் கதைக்கு ஏற்ற இடம். நானூறு கிலோமீற்றர் வழி, ஒரே இருக்கை, வெளியே இருட்டு. புதிய உலகம் ஒன்றுக்குள் நுழைய இவ்வளவு தொடர்ச்சியான நேரம் வேறெங்கும் கிடைக்காது. யாழ்தேவி ரயிலில் பகற்பயணமென்றால் மர்மக் கதை. இடையிடையே நிறுத்திச் சன்னலுக்கு வெளியே பார்த்தபடி யோசிக்கலாம். பருத்தித்துறைக்கோ காரைநகருக்கோ போகும் உள்ளூர்ப் பஸ்ஸில் பாட்டுச் சத்தத்துக்கு மேலால் துப்பறிய முடியாது. அங்கே ஏற்கெனவே கேட்ட நூலை மறுபடி கேளுங்கள்.

குறிகாட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போகும் படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் இருக்கிறது என்று ஆசைப்படத் தோன்றும். இயந்திரச் சத்தத்தை மீறிக் கேட்க ஒலியைக் கூட்டிக்கொண்டே போவீர்கள். 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணித்தியாலத்துக்கு மேல் கேட்பது செவிக்குக் கேடு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். சிறுவர்களுக்கு எல்லை இன்னும் குறைவு, 75 டெசிபல். படகில் கடலைப் பாருங்கள்.

சைக்கிளில் போகும்போது கேட்கவே வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஒரு காதில் மட்டும் போட்டுக்கொண்டாலும் கூடாது. நம் பகுதியில் காவலாளி இல்லாத ரயில் கடவைகள் உண்டு. மர்மக் கதை மனதை இழுத்துக்கொண்டு போகும் தன்மை உடையது. அந்த இழுப்பு கடவையில் உயிரைக் கேட்கும். பிள்ளைகளிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

வீட்டில் மிக நல்ல வேளை, கை வேலை செய்ய, தலை சும்மா இருக்கும் வேளை. முற்றம் கூட்டும்போது, தேங்காய் துருவும்போது, உடுப்பு மடிக்கும்போது. படுக்கையில் மர்மம் வேண்டாம். தூங்கிப்போன இருபது நிமிடத்தில் கொலை நடந்திருக்கும். படுக்கைக்கு, கேட்டுப் பழகிய மாயாஜால நூலும், பதினைந்து நிமிடத்தில் தானே நிற்கும்படி வைத்த நேரக்கட்டுப்பாடும் போதும்.

ஆறாம் படி: வேகம், குறிப்பு, பயன் சொல்லல்

வேகத்தைக் கூட்டினால் நேரம் மிஞ்சும் என்பது உண்மை. பத்து மணித்தியால நூல் 1.25 வேகத்தில் எட்டில் முடிந்துவிடும். மர்மக் கதையில் நான் 1.0ஐத் தாண்டுவதில்லை. வாசிப்பாளர் ஒரு பதிலுக்கு முன் விடும் அரை நொடி மௌனமும் துப்புத்தான். வேகம் அதை விழுங்கிவிடும். ஆங்கிலம் முழுதாகப் பழகாத பிள்ளைக்கு முதல் மணித்தியாலம் 0.9இல் வைத்துக் கொடுங்கள். பின்தள்ளும் பொத்தானை 30 நொடியிலிருந்து 15 நொடிக்கு மாற்றுங்கள். தவறவிட்ட வாக்கியம் அதற்குள் அகப்படும். சந்தேகம் எழும் இடத்தில் அடையாளக்குறி போட்டு, இரண்டு சொல்லில் காரணம் எழுதிவிடுங்கள். முடிவு தெரிந்தபின் அந்தக் குறிகளுக்கு மட்டும் போய்க் கேட்பது, மர்ம ஒலிநூல் தரும் இரண்டாவது விருந்து.

இனி, யாழ்ப்பாணத்தவருக்குக் கையில் இருக்கும் ஒரு பெரும் முறை. நம் கோயில்களில் கந்தபுராண படனம் நடக்கும்போது ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிப்பார், மற்றவர் அதன் பொருளை விளக்கிப் பயன் சொல்வார், சபை கேட்டுக்கொண்டிருக்கும். வாசிப்புக்கும் விளங்கலுக்கும் இடையில் ஓர் இடைவெளி விடும் ஏற்பாடு அது. ஒலிநூலுக்கும் இதையே செய்யுங்கள். இருவராக அல்லது மூவராகக் கேளுங்கள். அத்தியாயம் முடிந்ததும் நிறுத்தி, ஒருவர் பயன் சொல்லட்டும்: என்ன நடந்தது, யார் என்ன மறைக்கிறார், அடுத்து என்ன. அக்கா சொன்னதைத் தம்பி மறுக்கட்டும். ஆங்கிலம் விளங்காத அம்மம்மா அருகில் இருந்தால் இன்னும் நல்லது; அவருக்காகத் தமிழில் சொல்லும்போதுதான் நமக்கு எது விளங்கவில்லை என்பது வெளிச்சமாகும். தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறை அது. ஒலியை மட்டும் வைத்துக்கொண்டு பொய்யையும் உண்மையையும் பிரித்தறியும் பயிற்சி நம்மை விட அவர்களுக்கு அதிகம். குற்றவாளியை அம்மம்மாதான் முதலில் கண்டுபிடிப்பார்.

ஏழாம் படி: வயதுக்கு ஏற்றதா என்று பாருங்கள்

இளையோர் நூல் என்ற பெயர்ப்பலகையின் கீழ் பன்னிரண்டு வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் உரியவை ஒன்றாகக் கிடக்கின்றன. அரு ஷாவைப் பத்து வயதுப் பிள்ளையும் கேட்கலாம். "சேடி"யில் சிறுவர் மீதான பாலியல் கொடுமை கதையின் மையம். பதினாறு வயதுக்குக் குறைந்தவருக்கு நான் கொடுக்கமாட்டேன், கொடுத்தாலும் கூட இருந்து பேசுவேன். காணாமற்போனவரைத் தேடும் கதைகள் நம் மண்ணில் வெறும் பொழுதுபோக்கு அல்ல என்பதையும் மனதில் வையுங்கள். சில வீடுகளில் அந்தக் கேள்வி இன்னும் விடையில்லாமல் இருக்கிறது. ஒலிபெருக்கியில் போடும் முன் வீட்டில் யார் இருக்கிறார் என்று பாருங்கள்.

எட்டாம் படி: தமிழில் இல்லாததை நாமே பதிவுசெய்வது

ஆங்கிலத்தில் இவ்வளவு குவிந்து கிடக்கும்போது, தமிழில் இளையோருக்கான மர்மமும் மாயமும் ஒலியாகக் கிடைப்பது குறைவு. அதிலும் ஈழத்துக் குரலில் மிகக் குறைவு. இந்தக் குறை எனக்கு மனதை அரிக்கிறது. வாசிக்க நூல் இல்லாமல் இல்லை. சித்திலெப்பை 1885இல் எழுதிய அசன்பேயுடைய கதை, இலங்கையில் தமிழில் எழுந்த முதல் நாவலாகப் பலராலும் சொல்லப்படுவது. குழந்தையாய்க் கடத்தப்பட்ட ஒருவன் தன் பிறப்பைத் தேடிக் கடல்கடந்து போகும் சாகசக் கதை அது. இளையோருக்கு இதைவிட என்ன வேண்டும்? பழைய ஈழத்து நூல்களைத் தேட "நூலகம்" என்ற பெயரிலேயே ஓர் இணையத்தளம் இருக்கிறது.

பதிவுசெய்யப் பெரிய கருவி தேவையில்லை. நல்ல கைத்தொலைபேசியும் ஐந்நூறு சொற்களை இடறாமல் வாசிக்கும் மூச்சும் போதும். சீமெந்து அறை எதிரொலிக்கும். ஆகவே உடுப்பு அலுமாரியைத் திறந்து வைத்து அதை நோக்கி அமருங்கள், நிலத்தில் மெத்தையை விரியுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். தகரக் கூரையென்றால் மாரியில் முயல வேண்டாம். நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாட்களும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் பதிவு சரிவராது. மற்ற நாட்களில், காகம் கத்தத் தொடங்கும் முன் விடியற்காலையில் எழுந்தால் முக்கால் மணித்தியாலம் சுத்தமான அமைதி கிடைக்கும். தடுமாறினால் பதிவை நிறுத்தாமல் கையை ஒருமுறை தட்டிவிட்டு வாக்கியத்தை முதலிலிருந்து வாசியுங்கள். திருத்தும்போது அந்தத் தட்டல் ஒலிவரைபில் ஊசிபோல் உயர்ந்து தெரியும், வெட்டுவது எளிது.

லிப்ரிவொக்ஸில் சேர நேர்முகத் தேர்வு இல்லை. ஒரு நிமிடம் வாசித்து அனுப்பச் சொல்வார்கள். ஒலியின் அளவையும் இரைச்சலையும் பார்த்து என்ன திருத்த வேண்டும் என்று சொல்வார்கள். வாசிக்கும் நூல் காப்புரிமை முடிந்ததா என்று முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பிறகு முதல் அத்தியாயத்தை மட்டும் பதிவுசெய்து, கதையை அறியாத ஒரு பிள்ளையிடம் கொடுங்கள். எந்த இடத்தில் பின்தள்ளிக் கேட்டது என்று விசாரியுங்கள். அந்த இடத்தை மெதுவாக, பெயரைத் தெளிவாகச் சொல்லி, மறுபடி பதிவுசெய்துவிட்டு இரண்டாம் அத்தியாயத்துக்குப் போங்கள்.